எங்கே எழுதியிருக்கிறது? – பிள்ளைகளோடு ஒரு நாவலை வாசிப்பது குறித்து

(அறக்கட்டளையின் மாணவர் வாசிப்பு வட்டத் தொடக்க நாளில், பெற்றோரும் மாணவரும் கூடிய அமர்வில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் நம் பிள்ளைகளுக்காக இந்த வாசிப்பு வட்டத்தைத் தொடங்குகிறோம். "கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுகிறீர்கள், நோட்டுப் புத்தகம் தருகிறீர்கள், டியூஷன் நடத்துகிறீர்கள். அதெல்லாம் சரி. கதைப் புத்தகம் படிக்கவும் ஒரு வகுப்பா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு மனப்பாட சக்தி நிறைய உண்டு. மதரஸாவிலும் பள்ளியிலும் அதைப் பார்க்கிறோம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சொன்ன பதிலை வைத்து, "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று அடுத்த கேள்வி கேட்டால் நின்றுவிடுகிறார்கள். "சார் சொன்னாங்க" என்கிறார்கள். அல்லது "கைடுல அப்படித்தான் இருக்கு" என்கிறார்கள். பள்ளிக்கூடம் வரை இது செல்லும். கல்லூரியிலும், வேலைக்கான நேர்முகத் தேர்விலும், நாளை ஒரு வழக்கறிஞராக, மருத்துவராக, கணக்காயராக உட்காரும் இடத்திலும் அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். எதை வைத்துச் சொல்கிறாய்? எங்கே எழுதியிருக்கிறது?

இது நமக்குப் புதிய கேள்வியும் அல்ல. ஒரு ஹதீஸைச் சொன்னால் அதன் சனது என்ன, மத்னு என்ன, யார் யாரிடம் கேட்டு அறிவித்தார் என்று நம் அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் துருவித் துருவிப் பார்த்திருக்கிறார்கள். ஆதாரம் கேட்பதை அவமரியாதையாக நினைக்காத மரபு நம்முடையது. அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளின் அன்றாடப் படிப்புக்குள் கொண்டுவருவதற்கு ஒரு நல்ல நாவல் உதவும். எல்லோர் கையிலும் ஒரே பக்கங்கள் இருக்கும். யார் சொல்வது சரி என்று பார்க்கப் பக்கத்தைத் திறந்தால் போதும். தவறாகச் சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை. வாழ்க்கையில் தவறாகப் படித்தால் அப்படி இல்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

நாம் எடுத்துக்கொண்டிருக்கும் புத்தகம் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'அனிமல் ஃபார்ம்'. 1945 ஆகஸ்டில் லண்டனில் வெளிவந்தது. பத்தே அத்தியாயங்கள். ஆங்கிலம் கடினமில்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளை அகராதியை அதிகம் புரட்டாமல் படித்துவிடலாம். தமிழில் க.நா.சுப்ரமண்யம் 'விலங்குப் பண்ணை' என்று மொழிபெயர்த்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது இன்னும் நல்லது.

இங்கிலாந்தில் ஒரு பண்ணை. முதலாளி ஜோன்ஸ் குடிகாரர். மிருகங்களுக்குத் தீனி போடக்கூட மறந்துவிடுகிறார். பசி தாங்காத மிருகங்கள் ஒருநாள் அவரை விரட்டிவிட்டுப் பண்ணையைத் தாங்களே நடத்தத் தொடங்குகின்றன. எல்லோரும் சமம் என்பது உட்பட ஏழு கட்டளைகளைத் தார் பூசிய கொட்டகைச் சுவரில் வெள்ளை எழுத்தில் பெரிதாக எழுதி வைக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவை பன்றிகள். ஆகவே தலைமை அவற்றிடம் போகிறது. அதற்குப் பிறகு நடப்பதை இங்கே முழுதும் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நம் பேச்சுக்குத் தேவையான சில இடங்களை மட்டும் எடுத்துக் காட்டுகிறோம்.

"பன்றிகள் வருகிற கதையா நம் பிள்ளைகளுக்கு?" என்றும் ஒரு கேள்வி வந்தது. பன்றிகள் வருகின்றன, மதுவும் வருகிறது. இரண்டும் எந்த இடத்தில், எப்படி வருகின்றன என்று புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பன்றிகள் அதில் ஏமாற்றுகிறவர்கள். மது அவர்களின் வீழ்ச்சிக்கு அடையாளம். மிருகங்களை வைத்து ஆட்சியாளர்களின் நடத்தையைச் சொல்வது நம் இலக்கியத்திலும் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் தந்த 'கலீலா வ திம்னா' அப்படிப்பட்ட நூல்தான்; அதன் மூலம் நம் நாட்டுப் பஞ்சதந்திரம். ஒரு புத்தகத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பக்கத்தைப் பார்த்த பிறகே முடிவுக்கு வருவது என்பதையே நம் வட்டத்தின் முதல் பயிற்சியாக வைத்துக்கொள்வோம்.

ஆசிரியரைப் பற்றி நான்கு வரி போதும். ஆர்வெலின் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903இல் நம் நாட்டில், பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் அரசின் அபினி இலாகாவில் வேலை பார்த்தார். இவரும் பர்மாவில் 1922 முதல் 1927 வரை போலீஸ் அதிகாரியாக இருந்து, பிறகு வேலையை விட்டார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கலந்துகொண்டு கழுத்தில் குண்டடி பட்டார். அங்கே தன் கண்ணால் பார்த்ததற்கும் பத்திரிகைகளில் வந்த செய்திக்கும் சம்பந்தமே இல்லாதிருந்தது அவரை உலுக்கியது. எழுதப்பட்ட பொய் என்ன செய்யும் என்ற கவலை இந்த நாவலின் அடியில் ஓடுகிறது. ரஷ்யப் புரட்சியும் ஸ்டாலினின் ஆட்சியும் கதையின் பின்னணி. போர்க்காலத்தில் ரஷ்யா இங்கிலாந்தின் கூட்டாளியாக இருந்ததால் பல பதிப்பகங்கள் இதை வெளியிடத் தயங்கின.

இனி, ஒரு செவ்வியல் நாவலைப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது என்று பார்ப்போம்.

முதலாவது, கதைச் சுருக்கம் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டை மென்று ஊட்டினால் பல் எதற்கு? முடிவு தெரிந்த பிள்ளை பக்கத்தைப் புரட்டும், படிக்காது.

இரண்டாவது, "இந்த நாவலின் நீதி என்ன" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் அந்த நீதிக்குப் பொருந்துகிற வரி மட்டும்தான் பிள்ளையின் கண்ணில் படும்.

மூன்றாவது, ரஷ்ய வரலாற்றை முன்பே விரித்துச் சொல்லக் கூடாது. நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின், ஸ்னோபால் என்ற பன்றி ட்ராட்ஸ்கி என்று முதலிலேயே பட்டியல் போட்டுக் கொடுத்தால், பிள்ளைகள் நாவலை விட்டுவிட்டுப் பட்டியலைப் படிப்பார்கள். பாதிக் கதை போன பிறகு சொல்வோம். அப்போது அவர்களே, "இதைத்தான் அவர் எழுதியிருக்கிறாரா?" என்று கேட்பார்கள்.

நான்காவது, முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது நம் வீடுகளில் இருந்த பழக்கம்தான். ஆங்கிலம் திணறும் பிள்ளைக்கும் காது வழியாக நடை பிடிபடும்.

ஐந்தாவது, ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும். இடப் பக்கம் புத்தகத்தில் கண்டது, அத்தியாய எண்ணோடும் பக்க எண்ணோடும். வலப் பக்கம் அதைப் பற்றி நாம் நினைத்தது. ஆசிரியர் சொன்னதையும் நாம் நினைத்ததையும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் வைத்துக்கொள்ளப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது ஆதாரம். மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சொல், காட்டு, விளக்கு. உன் கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல். அதற்கு ஆதாரமான இடத்தைப் புத்தகத்தில் காட்டு. அந்த இடம் உன் கருத்தை எப்படி நிரூபிக்கிறது என்று விளக்கு. பெரும்பாலான பிள்ளைகள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். சிலர் இரண்டாவது வரை வந்து, ஒரு மேற்கோளை எழுதிவிட்டு, அது தானாகவே பேசும் என்று விட்டுவிடுகிறார்கள். மதிப்பெண் மூன்றாவதில்தான் இருக்கிறது. அறிவும் அங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. "பன்றிகள் மற்ற மிருகங்களை ஏமாற்றின" என்று ஒரு மாணவர் எழுதுகிறார். கருத்து சரி. எங்கே ஏமாற்றின? ஆறாவது அத்தியாயத்துக்குப் போவோம். பன்றிகள் முதலாளியின் வீட்டில் குடியேறிக் கட்டிலில் தூங்குகின்றன என்ற செய்தி வருகிறது. க்ளோவர் என்ற பெண் குதிரைக்குச் சந்தேகம். கட்டிலில் படுக்கக் கூடாது என்று ஒரு கட்டளை இருந்ததே? சுவரருகே போகிறது. அதற்கு எழுத்துகள் தெரியும், கூட்டிப் படிக்கத் தெரியாது. முரியல் என்ற வெள்ளாட்டை அழைத்து வந்து படிக்கச் சொல்கிறது. முரியல் தட்டுத் தடுமாறிப் படிக்கிறது. கட்டளை இருக்கிறது, ஆனால் விரிப்போடு கூடிய கட்டிலில் படுக்கக் கூடாது என்று இருக்கிறது. விரிப்பைப் பற்றித் தனக்கு நினைவில்லை என்று க்ளோவர் யோசிக்கிறது. சுவரில் இருப்பதால் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று சமாதானமாகிறது.

இப்போது மாணவர் இரண்டாவது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், கட்டளைகள் முதலில் எழுதப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே விரிப்பு என்ற சொல் இல்லை. க்ளோவரின் நினைவு சரி, சுவர்தான் மாறியிருக்கிறது. கதைக்குள் இருக்கும் மிருகங்களால் பழைய சுவரைப் பார்க்க முடியாது. வாசகரால் முடியும், ஏனென்றால் அவர் கையில் இரண்டாவது அத்தியாயம் இருக்கிறது. இரண்டு இடங்களை ஒப்பிட்டுக் காட்டியதும் கருத்து நிலைபெற்றுவிட்டது. இனி அது "சார் சொன்னது" அல்ல. அந்தப் பிள்ளை கண்டுபிடித்தது.

எட்டாவது அத்தியாயத்தில் இதே வேலை மீண்டும் நடக்கிறது. கொலை செய்யக் கூடாது என்ற கட்டளையிலும், மது அருந்தக் கூடாது என்ற கட்டளையிலும் சொற்கள் கூடுகின்றன. ஒன்றில் காரணமின்றிக் கொல்லக் கூடாது என்றாகிறது. மற்றொன்றில் அளவு மீறிக் குடிக்கக் கூடாது என்றாகிறது. மூன்று இடங்களிலும் கட்டளை அழிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வாலில் கொஞ்சம் ஒட்டப்படுகிறது, அவ்வளவுதான். அழித்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டாவது வகை ஆதாரம் இன்னும் நுட்பமானது. ஆசிரியர் நேரடியாகச் சொல்லாமல், துண்டு துண்டாக வைத்துவிட்டுப் போகும் செய்திகளை நாம் சேர்த்துப் பார்ப்பது. எட்டாவது அத்தியாயத்தில் ஒரு நடுநிசி. முற்றத்தில் ஏதோ விழும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டளைச் சுவரடியில் ஓர் ஏணி உடைந்து கிடக்கிறது. பன்றிகளின் பிரச்சாரகனான ஸ்குவீலர் மயங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் லாந்தர், பிரஷ், கவிழ்ந்த வெள்ளைப் பெயின்ட் வாளி. பெயின்டை மாற்றி எழுதியது ஸ்குவீலர்தான் என்று ஆர்வெல் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. பிள்ளைகளிடம் கேட்போம்: இந்தப் பொருள்களில் ஒவ்வொன்றும் எதற்கு? நேரம் ஏன் நடுநிசி? ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் சொல்லி முடிக்கும்போது தீர்ப்பு தானாக வந்து நிற்கும்.

இன்னோர் இடம், நாவலிலேயே மனத்தை மிகவும் வருத்துவது. பாக்ஸர் என்ற குதிரை பண்ணைக்காக உழைத்து உழைத்து ஒருநாள் விழுந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்கின்றன பன்றிகள். வண்டி வருகிறது. மிருகங்கள் கையசைத்து வழியனுப்புகின்றன. பெஞ்சமின் என்ற கிழக் கழுதை மட்டும் கத்துகிறது: முட்டாள்களே, வண்டியின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லையா? அந்த வண்டி குதிரைகளை அறுத்துத் தோலும் பசையும் எடுக்கிறவனுடையது. சில நாள் கழித்து ஸ்குவீலர் வந்து, வண்டி முன்பு அவனுடையதாக இருந்தது, மருத்துவர் வாங்கிப் பழைய பெயரை அழிக்காமல் விட்டுவிட்டார், பாக்ஸர் ஆஸ்பத்திரியில் நிம்மதியாக உயிர்விட்டது என்று சொல்கிறது. மிருகங்கள் ஆறுதல் அடைகின்றன.

இங்கே பிள்ளைகளை நிறுத்திக் கேட்க வேண்டும்: ஸ்குவீலர் சொல்வது பொய் என்று எப்படி நிரூபிப்பாய்? அத்தியாயத்தின் கடைசி வரிகளைப் படித்தால் விடை இருக்கிறது. பாக்ஸருக்கான நினைவு விருந்து நாளில் மளிகைக்காரரின் வண்டி ஒரு பெரிய மரப்பெட்டியை இறக்குகிறது. மறுநாள் மதியம் வரை பன்றிகள் எழவில்லை. எங்கிருந்தோ பணம் கிடைத்துப் பன்றிகள் இன்னொரு பெட்டி விஸ்கி வாங்கியதாகப் பேச்சு அடிபடுகிறது. எங்கிருந்து வந்த பணம்? குதிரை போன வாரம், பணம் வந்த வாரம், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் வேலையை ஆசிரியர் நமக்கு விட்டிருக்கிறார். அவசரமாகப் படித்தவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். நிதானமாகப் படித்தவருக்கு அங்கே நெஞ்சு அடைக்கும்.

ஆதாரம் என்பது இருபக்கமும் கூரான கத்தி என்பதையும் இந்த நாவல் காட்டுகிறது. மனிதர்களோடு வியாபாரம் செய்வதில்லை என்று மிருகங்கள் தொடக்கத்தில் தீர்மானம் போட்டிருந்தன. பிற்பாடு பன்றிகள் வியாபாரம் தொடங்கும்போது சில மிருகங்கள் அதை நினைவுபடுத்துகின்றன. ஸ்குவீலர் திருப்பிக் கேட்கிறது: அப்படி எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? பதிவு இருக்கிறதா? எழுத்தில் இல்லை. ஆகவே நினைவுதான் தவறு என்று மிருகங்கள் அடங்கிவிடுகின்றன. ஏழாவது அத்தியாயத்தில் இன்னும் மோசம். ஸ்னோபால் துரோகி என்பதற்கு அவன் கையெழுத்திலேயே ஆவணம் இருக்கிறது, உங்களுக்குப் படிக்கத் தெரிந்தால் காட்டியிருப்பேன் என்கிறது ஸ்குவீலர். ஆவணம் உண்டு என்று சொல்வது வேறு, ஆவணத்தைக் கண்ணில் காட்டுவது வேறு என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. நம் பிள்ளைகள் இதிலிருந்து இரண்டு பாடம் எடுத்துக்கொள்ளலாம். பேசி முடித்ததை எழுதி வை. எழுதியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், காட்டச் சொல்.

வட்டத்தில் விவாதத்துக்காக ஒரு கேள்வியை வைத்திருக்கிறோம். பெஞ்சமின் நல்லவனா? அந்தக் கழுதைக்குப் பன்றிகளுக்கு இணையாகப் படிக்கத் தெரியும் என்று மூன்றாவது அத்தியாயம் சொல்கிறது. ஆனால் படிப்பதில்லை, படிக்கும்படி எதுவும் இல்லை என்கிறது. எட்டாவது அத்தியாயத்தில் க்ளோவர் வந்து, இந்தக் கட்டளையைப் படித்துச் சொல் என்று கேட்கும்போது, இந்த விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று மறுத்துவிடுகிறது. ஸ்குவீலர் ஏணியிலிருந்து விழுந்த இரவில் அதற்கு மட்டும் விஷயம் புரிகிறது, வாயைத் திறக்கவில்லை. உயிர் நண்பன் பாக்ஸரை வண்டியில் ஏற்றிய பிறகுதான் சத்தம் போட்டுப் படிக்கிறது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஒரு குழு பெஞ்சமினைக் குற்றம் சாட்டட்டும். ஒரு குழு அதற்காக வாதாடட்டும். பேசினால் உயிர் போயிருக்கும், ஒன்பது நாய்கள் காவலுக்கு இருந்தன, நெப்போலியனை எதிர்த்தவர்களின் கதி ஏழாவது அத்தியாயத்தில் இருக்கிறதே என்று அந்தக் குழு சொல்லலாம். ஒரே விதி: எந்த வாதத்துக்கும் அத்தியாயம் சொல்ல வேண்டும். தனக்குச் சாதகமான இடத்தை மட்டும் எடுத்து, பாதகமான இடத்தை மறைப்பவருக்கு மதிப்பெண் கிடையாது. எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரத்தைத் தானே எடுத்துச் சொல்லி, அதற்கும் பதில் சொல்பவருக்குக் கூடுதல் மதிப்பெண்.

இதைப் பிள்ளைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. படித்தும் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லாத பெஞ்சமின்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போடும்போது, "ஏஜென்ட் டிரைவர் வேலை என்றுதான் சொன்னார்" என்கிறான். ஒப்பந்தத்தில் என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை வருடம் என்று எழுதியிருக்கிறது? தாளில் இருப்பது ஆங்கிலமும் அரபியும். விமானம் ஏறிய பிறகு படித்து என்ன பயன்? நகையை அடகு வைக்கும் தாய் ரசீதின் பின்பக்கத்தைப் படித்தாரா? வாடகை ஒப்பந்தத்தில், சீட்டுக் கம்பெனி தரும் தாளில், ஆஸ்பத்திரியில் நீட்டும் சம்மதப் படிவத்தில் நாம் போடும் கையெழுத்துகளில் எத்தனை படித்துப் போட்டவை? வண்டியின் பக்கத்தில் எழுத்து எப்போதும் இருக்கிறது. வண்டி புறப்படும் முன் படிக்க ஒருவர் வேண்டும்.

கைப்பேசியில் வரும் செய்திகளுக்கும் இதுவேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்குவீலர் ஒரு நீண்ட தாளை வைத்துக்கொண்டு, உணவு உற்பத்தி இருநூறு சதவீதம் கூடியது, முந்நூறு சதவீதம் கூடியது என்று புள்ளிவிவரம் வாசிக்கும். பழைய நிலை மிருகங்களுக்குச் சரியாக நினைவில்லாததால் நம்பிவிடும். எண் இருந்தால் உண்மை என்று நினைப்பது அங்கேயும் இருந்தது, நம்மிடமும் இருக்கிறது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. அனுப்பும் முன் ஒரு நிமிடம்: யார் சொன்னது, எங்கே இருக்கிறது?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படிப் பிள்ளைக்கு உதவுவது?" என்று தாய்மார்கள் தயங்க வேண்டாம். க்ளோவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சந்தேகப்படத் தெரியும். சுவர் வரை நடந்து போய்ப் படிக்கத் தெரிந்தவரைக் கூட்டி வரவும் தெரியும். அந்தப் பண்ணையில் கேள்வி கேட்ட சிலரில் அது ஒன்று. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளையிடம், "இன்றைக்கு எதுவரை படித்தாய், தமிழில் சொல்" என்று கேளுங்கள். சொல்லும்போது, "அது கெட்டது என்று எப்படித் தெரியும்? எந்த இடத்தில் வருகிறது?" என்று ஒரு கேள்வி போடுங்கள். பிள்ளை புத்தகத்தை எடுத்துவர எழுந்தால் உங்கள் வேலை முடிந்தது. வாப்பாமார்கள் வெளியூரில், வெளிநாட்டில் இருந்தால் போனில் இதே கேள்வியைக் கேட்கலாம். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதைவிட இது பிள்ளைக்குப் பிடிக்கும்.

இன்னொன்றையும் பெற்றோர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆதாரம் கேட்கப் பழகிய பிள்ளை நம்மிடமும் ஆதாரம் கேட்கும். "ஏன் வாப்பா?" என்று கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். மரியாதையோடு கேட்கச் சொல்லிக் கொடுங்கள். கேட்காதே என்று சொல்லிவிடாதீர்கள்.

மாணவர்களுக்கு: பரீட்சையில் விடை எழுதும்போது நீண்ட மேற்கோளை அப்படியே இறக்க வேண்டாம். உங்கள் கருத்துக்குத் தேவையான நான்கைந்து சொற்களை எடுத்து, உங்கள் வாக்கியத்துக்குள் வைத்து எழுதுங்கள். மேற்கோளில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. ஒரு சொல் கூடினால் என்ன ஆகும் என்று அந்தச் சுவர் உங்களுக்குச் சொல்லியிருக்கும். ஆதாரம் கிடைக்காத கருத்தை எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். படிக்கப் படிக்க உங்கள் கருத்து மாறினால் வெட்கப்பட வேண்டாம், அதற்காகத்தான் படிக்கிறோம்.

வட்டம் ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் நடக்கும். வாரத்துக்கு இரண்டு அத்தியாயம். ஐந்து வாரத்தில் நாவல் முடியும். ஆறாவது வாரம் பெஞ்சமின் மீதான விசாரணை. பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் தனித்தனியே இடவசதி உண்டு. புத்தகம் நம் நூலகத்திலிருந்து தரப்படும். பென்சிலால் கோடு போடலாம்; கோடு போடாத புத்தகம் திரும்பி வந்தால்தான் எங்களுக்கு வருத்தம்.

முடிக்கும் முன் பாக்ஸரைப் பற்றி ஒரு செய்தி. பண்ணையிலேயே பலசாலி அது. ஆங்கில எழுத்துகளில் முதல் நான்கைத் தாண்டி அதனால் கற்க முடியவில்லை. காலால் மண்ணில் நான்கு எழுத்தை எழுதி, ஐந்தாவது நினைவுக்கு வராமல் நின்றுகொண்டிருக்கும். வேலை முடிந்து ஓய்வு கிடைத்ததும் மீதி இருபத்திரண்டு எழுத்துகளையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அது ஆசைப்பட்டது. படுத்த படுக்கையில் இருந்தபோதும் அதைத்தான் சொன்னது. அந்த ஓய்வு வரவில்லை, வண்டிதான் வந்தது.

நம் முன்னோரில் எத்தனையோ பேர் அப்படி உழைத்தே போனார்கள். அவர்களின் உழைப்பில்தான் இந்தப் பிள்ளைகள் இங்கே புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இருபத்தாறு எழுத்தும் இவர்களுக்குத் தெரியும். தமிழ் எழுத்துகளும் தெரியும், அரபி எழுத்துகளும் தெரியும். அந்த எழுத்தைக் கொண்டு தங்களுக்காகவும், படிக்க முடியாதவர்களுக்காகவும் படிப்பவர்களாக அல்லாஹ் இவர்களை ஆக்குவானாக. வரும் ஞாயிறு முதல் அத்தியாயத்தோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.